ஜெனரேட்டரும் கறவை மாடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கித் தரலாம்னு இருக்கேன். அப்படியே நாம டிரிப் போறப்பவும் கார்ல தூக்கிப் போட்டுக்கலாம். எது நல்லாருக்கும், ஒரே வார்த்தையில சொல்லு"ன்னு கேட்டார்.

ஒரே வார்த்தையில சொன்னேன். "வாங்காதீங்க."

மனுஷன் முகம் தொங்கிப் போச்சு :-( அதனால கொஞ்சம் விளக்கமா எழுதிடலாம்னு இந்தப் பதிவு. வாங்கவே கூடாதுங்கறது என் கட்சி இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி நாலு கணக்கு போடணும். வாங்கின பிறகு அதை வச்சுப் பராமரிக்கணும். இந்த ரெண்டும் நம்மால ஆகாதுன்னா வாங்காதீங்க. இவ்வளவுதான் என் கட்சி. நானும் சாஃப்ட்வேர்காரன்தான், மெக்கானிக் இல்லை. ஆனா இந்த விஷயத்துல சூடு பட்ட பூனை. அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கறேன்.

மாடிப்படிக்கு அடியில ஒரு தூக்கம்

2012 யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு? சென்னைக்காரங்களுக்கு ரெண்டு மணி நேரம்தான் கரண்ட் கட். அதுக்கே பேப்பர்ல புலம்பல். எங்களை மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு அந்த வருஷக் கடைசியில ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 14 மணி நேரம்னு போயிட்டு இருந்துச்சு. நான் அப்போ பத்தாங்கிளாஸ். திருவண்ணாமலை தேரடி வீதியில நடந்தா கடைக்கு கடை வாசல்ல ஒரு ஜெனரேட்டர் குந்திக்கிட்டு "டபடபடப"ன்னு கத்திக்கிட்டு இருக்கும். கடைக்காரர் நம்மகிட்ட விலை சொல்றதும் கேக்காது, நாம பேரம் பேசறது அவருக்கும் கேக்காது.

பையன் பப்ளிக் எக்ஸாம் எழுதறானேன்னு எங்கப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் ஜெனரேட்டர் வாங்கினார். மூடிப்போன ஒரு ஜெராக்ஸ் கடையில இருந்து வந்தது. 1 கேவிஏ. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. அந்தச் சத்தத்துல நான் எப்படி சமூக அறிவியல் படிச்சேன்னு இன்னிக்கும் தெரியலை. ஆனா பாஸாயிட்டேன் :-)

2013 அக்டோபர்ல கூடங்குளம் முதல் உலை கிரிட்ல இணைஞ்சது. அதுக்கப்புறம் வேற வேற இடத்துல இருந்தும் மின்சாரம் வந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டு குறைஞ்சது. நாங்களும் ஜெனரேட்டரைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில வச்சு ஒரு சாக்கைப் போட்டு மூடிட்டோம். டேங்க்ல பாதி பெட்ரோல் இருந்துச்சு. "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்"னு யாரோ சொன்னாங்க. யாரோ என்ன யாரோ, நான்தான் சொன்னேன்.

அவசரம் வந்தது 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, உள்ள வந்து எங்க ஊர் மேல கொட்டித் தீர்த்துச்சு. அன்னிக்கு சாயந்தரம்தான் மலையில மண் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஒரு வீடு அப்படியே புதைஞ்சு போச்சு. 5 குழந்தைங்க உள்பட 7 பேர். அந்த மலையை சாமின்னு சொல்லி வளர்ந்தவங்க நாங்க. அந்த ராத்திரி ஊர்ல யாருமே சரியா தூங்கலை.

எங்க வீடு வேங்கிக்கால் பக்கம். அந்த மழையில கரண்ட் போனது போனதுதான். போன்ல 15 பர்சன்ட் சார்ஜ். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா கூப்பிட்டு "நீங்க எல்லாம் நல்லாருக்கீங்களா"ன்னு கேக்கறாங்க. அம்மாவோட இன்சுலின் ஃப்ரிட்ஜுல இருக்கு. அப்பா சாக்கை விலக்கிட்டு கயிறை இழுத்தார். நான் இழுத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து இழுத்தான். நாப்பது தடவை இழுத்திருப்போம். ஒரு இருமல்கூட இல்லை.

ஒரு வாரம் கழிச்சு மெக்கானிக் அண்ணன் வந்து பிரிச்சுப் பாத்தார். கார்ப்பரேட்டர் உள்ள பெட்ரோல் வத்திப் போயி, மஞ்சளா வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவுல எலி குடும்பம் நடத்தின தடயம். "தம்பி, இது இன்ஜின் இல்ல, எலி வளை"ன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிட்டார்.

அப்பாதான் அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னார். "கறவை மாடு மாதிரிடா இது. வருஷம் பூரா தீனி வைக்காம, இன்னிக்குப் பால் வேணும்னு போயி மடியத் தொட்டா உதைக்கத்தான் செய்யும்." இதைவிட நல்லா ஒரு யூசர் மேனுவல் எழுத முடியாது.

முதல்ல கணக்கு

பெரும்பாலானவங்க கடைக்குப் போயி "வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் குடுங்க"ன்னு கேக்கறாங்க. வீட்டுக்குன்னா எதுக்கு? ஒரு பேப்பரை எடுத்து எழுதுங்க.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். எல்இடி பல்பு 9. வைஃபை பெட்டி 10. லேப்டாப் 60. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 சொச்சம், ஆனா கம்ப்ரஸர் கிளம்பற அந்த நொடியில அதைப்போல பல மடங்கு இழுக்கும். தண்ணி மோட்டார் 1 எச்.பி.ன்னா ஓடும்போது 1000 வாட்டுக்கு மேல, கிளம்பும்போது மூணுல இருந்து அஞ்சு மடங்கு. மத்தது எல்லாத்தையும் 1 கேவிஏ மெஷின் சமாளிக்கும். மோட்டாருக்குன்னு ஆசைப்பட்டா 3 கேவிஏவுக்குப் போகணும். அதோட விலை, எடை, பெட்ரோல் எல்லாமே கூடும். மழை வரும்னு தெரிஞ்சா முந்தின நாளே டேங்க்கை ரொப்பி வச்சுக்கோங்க. கால் பைசா செலவு இல்லை.

மோட்டாரை விட்டுட்டா ஒரு சாதா குடும்பத்துக்கு கரண்ட் இல்லாத ராத்திரி என்ன வேணும்? ரெண்டு ஃபேன், நாலு லைட், வைஃபை, ஒரு லேப்டாப். பிஎல்டிசி ஃபேனா இருந்தா மொத்தம் 166 வாட். வீட்டு இன்வெர்ட்டரோட போடற 150 ஏஎச் பேட்டரியில 12 வோல்ட் கணக்குக்கு 1800 வாட் ஹவர் இருக்கு. முழுசா உறிஞ்சக் கூடாது, நடுவுல நஷ்டமும் உண்டு. எல்லாம் கழிச்சு சுமார் 1150 கைக்கு வரும். அதாவது கிட்டத்தட்ட 7 மணி நேரம். அதே வீட்ல பழைய ஃபேன் ஓடினா நாலரை மணி நேரம்தான். ஜெனரேட்டர் வாங்கற காசுல ரெண்டு ஃபேனை மாத்தினாலே ராத்திரி நிம்மதியா ஓடிடும்கறேன்.

இப்ப பெட்ரோல் கணக்கு. சின்ன 1 கேவிஏ மெஷின் பாதி லோடுல மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே மணிக்கு 50 ரூபாய். கிடைக்கற கரண்ட் அரை யூனிட்டுக்கும் கம்மி. ஒரு யூனிட் 100 ரூபாயைத் தாண்டுது. ஈபிக்காரன் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட்டை வீடுகளுக்கு சும்மா தர்றான். அதுக்கப்புறமும் ஒத்தை இலக்கத்துல ஆரம்பிக்கற விலைதான். இதை எங்கப்பாகிட்ட சொன்னப்ப ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தார். வாத்தியார் வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், கணக்குக்கு மரியாதை குடுப்பார்.

அப்ப இன்சுலின்? டாக்டரைக் கேட்டோம். உபயோகத்துல இருக்கற பாட்டில் நேரடி வெயிலும் அதிகச் சூடும் படாம இருந்தா கொஞ்ச நாள் வெளியில தாங்கும், பிரிக்காத ஸ்டாக்கைத்தான் ஜாக்கிரதையா வைக்கணும்னார். (உங்க மருந்துக்கு உங்க டாக்டரைக் கேளுங்க.) ஃப்ரிட்ஜைத் தொறந்து தொறந்து பாக்காம இருந்தாலே நாலு மணி நேரம் குளிர் நிக்கும். எங்க வீட்ல பிரச்சனை, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை "சில்லுன்னு இருக்கா"ன்னு யாராவது தொறந்து பாத்ததுதான்.

அப்படியும் வேணும்னா

தேவைப்படறவங்க உண்டு. நான் மறுக்கலை. 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவை அடிச்சுப் போட்டப்ப ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாஞ்சது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்லை. குடிதண்ணி டேங்க்குல ஏத்தறதுக்கும் போன் சார்ஜ் பண்றதுக்கும் வாடகை ஜெனரேட்டர்தான் கதி. எந்த பேட்டரியும் ரெண்டாம் நாளே காலி. அந்த மாதிரி நாளைக்கு இன்ஜின் வேணும். ஆனா அதை இன்வெர்ட்டருக்குத் துணையா வாங்குங்க, பதிலா வாங்காதீங்க. பகல்ல மூணு நாலு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி இன்வெர்ட்டர் பேட்டரியை ஏத்திக்கணும், ஃப்ரிட்ஜையும் ஒரு சுத்து குளிர வச்சுக்கணும். ராத்திரி இன்ஜினை நிறுத்திட்டு பேட்டரியில தூங்கணும். பெட்ரோலும் மிச்சம், தெருவும் நிம்மதி.

கடையில ரெண்டு ஜாதி காட்டுவாங்க. ஒண்ணு சாதா ஜெனரேட்டர். இன்னொண்ணு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். (நம்ம ஊர்ல பேட்டரி வச்ச யூபிஎஸ்ஸைத்தான் இன்வெர்ட்டர்னு சொல்றோம். இது வேற. குழப்பிக்காதீங்க.) சாதா ஜாதி எப்பவும் ஒரே வேகத்துல ஓடும். ஒரு பல்பு போட்டாலும் அதே கத்தல்தான். லோடு ஏறி இறங்கறப்ப கரண்டும் ஆடும். இன்வெர்ட்டர் ஜாதி, வர்ற கரண்டை டிசியாக்கி மறுபடி சுத்தமான ஏசியா மாத்தித் தரும். லோடு கம்மின்னா இன்ஜினும் மெதுவா ஓடும். சத்தம் கம்மி, பெட்ரோல் கம்மி, லேப்டாப்புக்கு நல்லது. விலைதான் நல்லாவே அதிகம். வருஷத்துல பத்து நாள்கூட ஓட்டமாட்டோம்னா சாதாவே போதும். ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. சாதா ஜெனரேட்டர்ல குடுத்தா வீட்டு இன்வெர்ட்டர் சிலது "எனக்கு இந்தக் கரண்ட் வேணாம்"னு சார்ஜே ஏத்தாது. பின்னாடி யூபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்தா நார்மல்ல போட்டுப் பாருங்க. பல நேரம் ஏத்துக்கும்.

இன்னொரு விஷயம், கேவிஏன்னு எழுதியிருக்கற நம்பரை வாட்டுன்னு நெனச்சுக்காதீங்க. 1 கேவிஏ மெஷின் தொடர்ந்து குடுக்கறது 700, 800 வாட் அளவுதான். பெட்டி மேல பெரிய எழுத்துல இருக்கறது "அதிகபட்சம்". சின்ன எழுத்துல இருக்கறதுதான் நெசம்.

அப்புறம், சர்வீஸுக்கு ஆள் யாருன்னு கேட்டுட்டு வாங்குங்க. ஆன்லைன்ல பேர் தெரியாத மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும். கயிறு அறுந்தா அதுக்கு ஸ்பிரிங் போளூர்லயும் கிடைக்காது, பெங்களூர்லயும் கிடைக்காது. ஒரு காலத்துல ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹான்னு ரெண்டு பேரு ஊர் ஊரா பரவி இருந்ததுக்கு ஒரு காரணம், எந்த டவுன்லயும் அதைப் பிரிச்சு மாட்ட ஒரு ஆள் இருந்தார்ங்கறது.

தீனி வைக்கறது

மாட்டுக்குத் தீனி மாதிரி இதுக்கும் ஒரு முறை இருக்கு. பெருசா ஒண்ணுமில்லை.

பெட்ரோலை உள்ள விட்டு மூடி வைக்காதீங்க. முன்னாடியே இது பிரச்சனைதான், இப்ப இன்னும் மோசம். பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ரொம்ப நாள் நின்னா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தங்கிடும். பைக்னா ஒரு வாரத்துல டேங்க் காலியாகிப் புதுசு ஊத்திடுவோம், தெரியாது. ஜெனரேட்டர் மாசக்கணக்குல நிக்கறதால அதுக்குத்தான் அடி. எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் குழாயை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கார்ப்பரேட்டர் அடியில ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி மிச்சத்தை வடிச்சிடுங்க. டேங்க்ல இருக்கறதை பைக்குக்கு ஊத்திடுங்க. எங்க பழைய மெஷினுக்கு இந்த ஒண்ணைச் செஞ்சிருந்தா அது இன்னிக்கும் உசுரோட இருந்திருக்கும்.

புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரம் ஓடினதும் இன்ஜின் ஆயில் மாத்தணும். அதுக்கப்புறம் புத்தகத்துல போட்டிருக்கறபடி 50 மணி நேரமோ 100 மணி நேரமோ, இல்லன்னா ஆறு மாசம், எது முன்னாடி வருதோ அது. ஆயிலே அரை லிட்டர் சொச்சம்தான், ஒரு பைக் சர்வீஸ் செலவுகூட ஆகாது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச்சை சோப்புத் தண்ணியில அலசி, நல்லா காய வச்சு, ரெண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டுங்க. நம்ம ஊர் செம்மண் புழுதிக்கு அடிக்கடி பாக்கணும். பிளக்கை வருஷத்துக்கு ஒருதடவை கழட்டித் துடைங்க.

எல்லாத்தையும்விட முக்கியம், மாசம் ஒருதடவை 20 நிமிஷம் ஓட்டறது. சும்மா இல்லை, ஒரு அயர்ன் பாக்ஸோ எதோ லோடு குடுத்து ஓட்டணும். மாசம் ஒருதடவைன்னா நமக்கு மறந்துடும். எங்கப்பா அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். எங்க ஊர்ல யாருக்கும் மறக்காத நாள் ஒண்ணு மாசாமாசம் வருது. பௌர்ணமி. கிரிவலம் கிளம்பறதுக்கு முன்னாடி சாயந்தரம் ஜெனரேட்டருக்கு 20 நிமிஷம், அப்புறம் அருணாசலத்துக்கு 14 கிலோமீட்டர். என் கூகுள் காலண்டர் ரிமைண்டரை விட இது நல்லா வேலை செய்யுது.

மலையில ஒரு ராத்திரி

இப்ப கேம்பிங் கதைக்கு வர்றேன். இதைத்தான் முக்கியமா எழுத நெனச்சேன்.

2022 டிசம்பர். நாங்க அஞ்சு பேர், ஜவ்வாது மலை போனோம். போளூர், அத்திமூர் வழியா ஏறி ஜமுனாமரத்தூர் பக்கத்துல நண்பனோட சொந்தக்காரர் நிலத்துல டென்ட். (ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம டென்ட் போடாதீங்க சாமிகளா.) லைட், ஸ்பீக்கர், போன் சார்ஜ், இதுக்காக ஒரு சவுண்ட் சர்வீஸ்ல ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துட்டுப் போனோம். அதே மலைத்தொடர்ல காவலூர்ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வச்சு நட்சத்திரம் பாக்கறாங்க. அந்த இருட்டும் தெளிஞ்ச வானமும்தான் அங்க அதை வைக்கக் காரணம். நாங்க அந்த இருட்டுல போயி ஃபோகஸ் லைட் போட்டு, டபடபடபன்னு ராத்திரி பூரா ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

பத்து மணிக்குத் தூறல். மெஷின் நனையுதேன்னு ஒருத்தன் அதைத் தூக்கி டென்ட்டுக்கும் காருக்கும் நடுவுல வச்சு, மேல தார்ப்பாய் கட்டிட்டான். நல்ல எண்ணம்தான். நாங்களும் "சூப்பர்டா"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டோம். நடுராத்திரி எனக்கு மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி. ஒருத்தன் வெளிய போயி வாந்தி எடுத்தான். எழுந்திருக்கவே முடியாத அசதி. மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி மேல பழியைப் போட்டுட்டுத் திரும்பிப் படுத்தோம். மூணு மணி வாக்குல பெட்ரோல் தீர்ந்து மெஷின் நின்னுச்சு. "ச்சே, போன் முழுசா சார்ஜ் ஆகலையே"ன்னு நான் அலுத்துக்கிட்டது நல்லா ஞாபகம் இருக்கு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர் 23, கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ன ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கெடந்தாங்க. ஏசிக்காக ஜெனரேட்டர் போட்டுட்டு உள்ள தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில ஓட்டிப் பாத்துட்டு, ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ள புகுந்ததுதான் காரணம்னு சொன்னாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்கு அந்த பிரியாணி ஞாபகம் வந்துச்சு. உடனே அந்த வாந்தி எடுத்தவனுக்கு போன் போட்டேன். அவனும் அதையே படிச்சிட்டு உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசிக்கலை.

எங்களைக் காப்பாத்தினது அறிவு இல்லை மக்களே, காலியான பெட்ரோல் டேங்க்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல வலுவா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்கறவனுக்கு எச்சரிக்கையே கிடையாது. ஆகவே வீட்டுக்குள்ள, பால்கனியில, ஷட்டரைப் பாதி இறக்கின கடையில, மாடிப்படிக்கு அடியில, கார் ஷெட்ல, எங்கயும் ஓட்டாதீங்க. ஜன்னல் தொறந்திருக்குன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. வீட்டுல இருந்தும் டென்ட்டுல இருந்தும் குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை போற பக்கம் வெளிய பாத்தபடி வைங்க. தூங்கறப்ப நிறுத்திடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு சின்னதா ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்குது. ஜெனரேட்டர் வாங்கற அன்னிக்கே அதையும் வாங்குங்க.

கேம்பிங்குக்கு என் சிபாரிசு? ஜெனரேட்டரே வேணாம். லித்தியம் பேட்டரி வச்ச 500 வாட் ஹவர் பெட்டி ஒண்ணு அஞ்சு பேர் போனுக்கும் நாலு லைட்டுக்கும் ரெண்டு ராத்திரி தாங்கும். சத்தமில்லை, புகையில்லை. நட்சத்திரமும் தெரியும்.

லைன்மேன் அண்ணன் கேட்ட கேள்வி

இன்னொரு உசுரு விஷயம். நிறைய வீடுகள்ல ஜெனரேட்டரை எப்படி மாட்டறாங்கன்னு பாத்திருக்கீங்களா? ஒரு வயர், ரெண்டு பக்கமும் பின் வச்ச பிளக். ஒரு முனையை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனையைச் சுவத்து பிளக்ல சொருகிட்டா வீடு பூரா கரண்ட். "மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தான் செய்வோம்"பாங்க. ஒரு நாள் மறந்தா என்ன ஆகும்?

அந்தக் கரண்ட் உங்க மீட்டர் வழியா வெளிய போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நமக்கு 230ஆ குறைக்குதுன்னு படிச்சிருக்கோம். அதே பெட்டி பின்னால இருந்து குடுத்தா 230ஐ 11,000ஆ ஏத்தும். லைன் ஆஃப்னு நம்பி ஒருத்தர் மேல வேலை பாத்துக்கிட்டு இருப்பார்.

எங்க தெருவுல ஒரு லைன்மேன் அண்ணன் இருக்கார். அந்த டிசம்பர் மழையில வீட்டுக்கே வராம வேலை பாத்தவர். நான் இதைப் பத்திக் கேட்டப்ப சொன்னார், "நாங்க ஃப்யூஸப் புடுங்கிட்டுத்தான் தம்பி ஏறுவோம். உங்க வீட்ல இருந்து வர்றத யாரு புடுங்கறது?"

எனக்கு பதில் தெரியலை. இஞ்சினியரிங் படிச்சவன் நான்.

இதுக்குத் தீர்வு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈபி, ஒரு பக்கம் ஜெனரேட்டர், ரெண்டும் ஒண்ணா சேரவே முடியாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முதல் நாளே மாட்டுங்க. ஈபி கரண்ட் திடீர்னு வந்தா உங்க ஜெனரேட்டர் கருகாம இருக்கறதுக்கும் இதுதான் வழி. மாட்ட வசதி இல்லைன்னா ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நேரா ஜெனரேட்டர்ல சொருகி ஃப்ரிட்ஜையும் லைட்டையும் அதுல போடுங்க. சுவத்துப் பக்கமே போகாதீங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பிஎம் சூர்ய கர் திட்டம் 2024ல வந்த பிறகு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு எங்க தெருவுலயே நாலு மொட்டை மாடியில சோலார் ஏறியிருக்கு. "இனி கரண்ட் கட்டே இல்ல"ன்னு நெனச்சவங்க, கரண்ட் போனதும் சோலாரும் நின்னதைப் பாத்து ஏமாந்துட்டாங்க. பேட்டரி இல்லாத சோலார், ஈபி லைன் செத்தா தானும் நின்னுடும். அது பழுது இல்லை. மேல இருக்கற லைன்மேனுக்காக அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒரு மெஷினுக்கு இருக்கற அந்தப் பொறுப்பு ரெண்டு பக்கம் பின் வச்ச வயர் மாட்டற நமக்கும் இருக்கணும் இல்லையா?

கிரிவலப் பாதையில

கடைசியா ஒரு ஆதங்கம். சித்ரா பௌர்ணமிக்கோ தீபத்துக்கோ கிரிவலம் வந்தவங்களுக்குத் தெரியும். இந்திர லிங்கத்துல இருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் வழி நெடுக கடை. சுண்டல், பொரி, பொம்மை, சாமி படம். கடை பின்னாடி பல இடத்துல ஒரு ஜெனரேட்டர். குழந்தையைத் தோள்ல தூக்கிட்டு, வெறுங்காலோட லட்சக்கணக்கான ஜனம் அந்தப் புகையை முகத்துல வாங்கிட்டு நடக்குது. கடைக்காரரும் குடும்பத்தோட ராத்திரி பூரா அது பக்கத்துலயே உக்காந்திருக்கார்.

அவர் மேல எனக்குக் கோவமில்லை. ஒரு ராத்திரி வியாபாரத்தை நம்பி வர்றவர். ஆனா பல கடையில எரியறது ரெண்டே ரெண்டு எல்இடி பல்பு, 20 வாட். அதுக்கு ஒரு இன்ஜின்! பத்து மணி நேரத்துக்கு 200 வாட் ஹவர்தான் ஆகுது. ஒரு 12 வோல்ட் 40 ஏஎச் பேட்டரியில பாதியைக்கூட தொடாது. ஜூஸ் கடைக்கு ஜெனரேட்டர் வேணும், ஒத்துக்கறேன். பொரி கடைக்கு எதுக்கு?

முன்னெல்லாம் திருவிழாவுக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கை ராத்திரி வாடகைக்கு விடற கடை ஊருக்கு ஊர் இருந்துச்சுன்னு அப்பா சொல்வார். அதே மாதிரி சார்ஜ் பண்ணின பேட்டரியும் ரெண்டு பல்பும் ராத்திரி வாடகைக்கு ஏன் விடக்கூடாது? சாயந்தரம் வாங்கிட்டுப் போயி காலையில திருப்பிக் குடுக்கணும். பெட்ரோல் செலவைவிடக் கம்மியா வாடகை வச்சாலே கடைக்காரர் தானா வருவார். நகராட்சி செஞ்சாலும் சரி, கோயில் நிர்வாகம் செஞ்சாலும் சரி, வேலை தேடிக்கிட்டு இருக்கற நாலு பசங்க சேர்ந்து செஞ்சாலும் சரி. மாசம் ஒருதடவை நிச்சயமா வியாபாரம் உள்ள தொழில் எங்க ஊரைத் தவிர எங்க கிடைக்கும்?

மலை மேல ஏத்தற மகாதீபத்துக்கு ஜெனரேட்டர் இல்லை. 3,500 கிலோ நெய்யும் காடாத் துணித் திரியும்தான். ஆனா அதுவும் தானா 11 நாள் எரியறதில்லை. தினமும் ஆள் மேல ஏறிப் போயி நெய் ஊத்திக் கவனிச்சாத்தான் எரியும்.

எங்க வீட்ல இப்போ என்ன இருக்குன்னு கேப்பீங்க. ரெண்டு பிஎல்டிசி ஃபேன், ஒரு 150 ஏஎச் பேட்டரியோட இன்வெர்ட்டர், ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கூடவே ஒரு புது 1 கேவிஏ ஜெனரேட்டர். ஆமா, அப்பா வாங்கிட்டார். நான் சொன்ன கணக்கெல்லாம் கேட்டுட்டு, "எல்லாம் சரிடா, ஆனா அந்த டிசம்பர் ராத்திரி நீ இங்க இருந்தல்ல"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கு மேல நான் பேசலை. ஆனா அது இருக்கறது மாடிப்படிக்கு அடியில இல்லை, கொல்லையில தனியா ஒரு ஷீட் போட்ட கொட்டகையில.

டிஸ்கி: அந்தக் கொட்டகை ஒரு காலத்துல எங்க தாத்தா மாடு கட்டின இடம். இது தற்செயல்தான்னு அப்பா சாதிக்கிறார். நான் நம்பலை :-)